எனக்கும் உண்டு மனோதர்மம்!

பியானோ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பழைய சினிமாவில் வரும் பணக்கார வீட்டு ஹால், வளைந்து இறங்கும் மாடிப்படி, கோட்டு சூட்டு போட்ட கதாநாயகன்... எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதிலும் ஜாஸ், புளூஸ் என்றால் கேட்கவே வேண்டாம். நடுராத்திரியில், புகை மண்டலத்துக்கு நடுவே, ஏதோ கிளப்பில் வாசிப்பது என்று ஓர் அபிப்பிராயம். சென்னீர்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில், குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வாசிக்கிறாள் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், சிநேகிதிகளே!

சின்ன வயதில் வாலாஜாபாத்தில் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், இரண்டு வர்ணம், ஐந்தாறு கீர்த்தனை. எதற்காக என்பதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்டால் ஒன்று பாடிக் காட்ட வேண்டும், அவ்வளவே. நம்மில் எத்தனை பேருடைய சங்கீதம் சொஜ்ஜி பஜ்ஜியோடு பரிமாறப்பட்டு, தாலி ஏறிய அன்றோடு முடிந்து போயிருக்கிறது! கூடப் படித்த பெண்களுக்கு டீச்சர் கற்பனை ஸ்வரம் ஆரம்பித்தபோது எனக்கும் கொள்ளை ஆசை. பாட்டில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதில் வந்து சேருகிற மாதிரி நம் மனதிலிருந்தே ஸ்வரங்களைக் கோத்துப் பாடுவது அது. "அதெல்லாம் கச்சேரி பண்றவங்களுக்கு. இவளுக்கு நாலு பாட்டு பிசகாம வந்தா போதும்மா" என்று என் பாட்டி டீச்சரிடம் சொல்லிவிட்டாள். கொடுத்ததைக் கொடுத்தபடி பாடுவது எனக்கு. சொந்தமாக ஒரு ஸ்வரம் சேர்ப்பது மற்றவர்களுக்கு என்று அன்றைக்கே பிரித்தாகிவிட்டது.

2019-ல் நம் சென்னைப் பிள்ளை லிடியன் நாதஸ்வரம், 13 வயதில், அமெரிக்க டெலிவிஷனில் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் முதல் பரிசாகப் பத்து லட்சம் டாலர் வாங்கினான் அல்லவா? இரண்டு பியானோக்களை இரண்டு கையால் ஒரே சமயத்தில் வாசித்தானே, அவன்தான். அதைப் பார்த்துவிட்டு என் பெண்ணும் கேட்டாள். 61 கட்டை உள்ள ஒரு கீ போர்டு வாங்கிக் கொடுத்தோம். இரண்டு கிரேடு பரீட்சை பாஸ் செய்தாள். பத்தாம் வகுப்பு வந்ததும் "போதும்மா" என்றாள். கீ போர்டு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு பீரோ பக்கத்தில் நின்றது.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் ஆவடிப் பக்கம். ஆங்கிலோ இந்தியர், எழுபதைத் தாண்டியவர். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகளில் டான்ஸ் நடந்த காலத்தில் பேண்டில் வாசித்தவர். இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன். கடைசி மாத ஃபீஸ் வாங்க வந்தவருக்கு நான் உள்ளே காபி கலந்துகொண்டே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சுத்த தன்யாசி ராகம். பெட்ஷீட்டை விலக்கிவிட்டு, என் பாட்டுக்குக் கீழே இடது கையால் மெதுவாக அவர் வாசிக்க ஆரம்பித்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அம்மா, நீங்க பாடறது எங்க புளூஸ் ஸ்கேல் தெரியுமா? ஒரே ஒரு நோட்டுதான் குறையுது" என்றார்.

பாட்டுத் தெரிந்தவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். தெரியாதவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை. சுத்த தன்யாசியில் ஐந்தே ஸ்வரம்: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். கீ போர்டில் இவை சி, இ ஃப்ளாட், எஃப், ஜி, பி ஃப்ளாட். சுத்த மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்திமத்தை, அதாவது எஃப் ஷார்ப்பை, போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போனால் அதுதான் புளூஸ். இதிலே வேடிக்கை என்னவென்றால், இடது கையில் அடியில் பிடிக்கும் கார்டில் இருப்பது அந்தர காந்தாரம். வலது கையில் பாடுவது சாதாரண காந்தாரம். நம் சங்கீதத்தில் இரண்டையும் சேர்த்து வாசித்தால் டீச்சர் எழுந்தே போய்விடுவார்! புளூஸில் அந்த உரசல்தான் அழுகை. பியானோவில் கமகம் கிடையாது, கட்டைக்குக் கட்டை தாவத்தான் முடியும். அதனால் கறுப்புக் கட்டையான இ ஃப்ளாட்டைத் தொட்ட விரலை அப்படியே பக்கத்து வெள்ளைக் கட்டையில் வழுக்க விடுகிறார்கள். தொண்டை இடறுகிற மாதிரியே கேட்கும்.

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் சந்ததியார் பாடியது. பருத்திக் காட்டில் வேலை செய்தபடி ஒருவர் எடுக்க, மற்றவர்கள் பதில் பாடும் பழக்கத்திலிருந்து வந்தது. இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நடவுல நாங்க பாடறதுதானே? ஒருத்தி எடுப்பா, மத்தவங்க வாங்குவாங்க" என்றார். என் பெண்ணைத் தூளியில் போட்டு ஆட்டியபோது அவர் பாடிய தாலாட்டு ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. இன்றைக்குச் சின்ன மாமன் வந்து போனால் இன்றைய பாட்டில் சின்ன மாமனும் அவன் வாங்கி வந்த கிலுகிலுப்பையும் வந்துவிடும். ஒப்பாரியும் அப்படித்தானே? செத்தவரைப் பார்த்த நிமிஷத்தில் கட்டுகிற பாட்டு. பள்ளிக்கூடமே போகாத பெண்கள் அடுக்கடுக்காகக் கட்டினார்கள். அவர்களுக்கு 'மனோதர்மம்' என்று ஒரு பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

அங்கேயும் பெண்கள் இதில் பின்தங்கி இருக்கவில்லை. 1920-ல் வெளிவந்த 'கிரேஸி புளூஸ்' என்ற இசைத்தட்டு புளூஸை வீட்டுக்கு வீடு கொண்டு போனது. பாடியவர் மேமி ஸ்மித் என்ற பெண்மணி. லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற டிரம்பெட் மேதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய மனைவி லில் ஹார்டின் நல்ல பியானோக் கலைஞர். பெரிய வித்வானின் குழுவில் இரண்டாவது ஆளாகவே இருந்தது போதும், தனியாக வெளியே வா என்று புருஷனைத் தூண்டியவரே அவர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் மேரி லூ வில்லியம்ஸ். 1910-ல் பிறந்தவர். ஆர்கன் வாசிக்கும் தாயாரின் மடியில் உட்கார்ந்தே வாசிக்கக் கற்றுக்கொண்டாராம். அந்த அம்மாள் தன் பெண்ணுக்கு டீச்சரே வைக்கவில்லை. காகிதத்தைப் பார்த்து வாசிக்கப் பழகிய பிறகு, தனக்குச் சொந்தமாக வாசிப்பது போய்விட்டது. மகளுக்கும் அது போய்விடக் கூடாது என்பது அவருடைய பயம். படித்தபோது என் பாட்டியின் ஞாபகம் வந்தது. இரண்டு பேருமே பெண் குழந்தையின் நன்மையைத்தான் நினைத்தார்கள்! மேரி லூ பின்னாளில் தன் வீட்டிலேயே தெலோனியஸ் மங்க் போன்ற பெரிய பெரிய கலைஞர்களுக்கு வழி காட்டினார். 1977 முதல் 1981-ல் காலமாகும் வரை டியூக் பல்கலைக்கழகத்தில் கற்றுக் கொடுத்தார்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். மனோதர்மம் என்றால் இஷ்டத்துக்குத் தட்டுவது இல்லை. அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. புளூஸில் அது பன்னிரண்டு பார். ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை. முதல் நாலு பார் ஷட்ஜத்தின் கார்டு. அடுத்த இரண்டு மத்திமத்தின் கார்டு. மறுபடி இரண்டு ஷட்ஜம். பிறகு பஞ்சமம் ஒன்று, மத்திமம் ஒன்று. கடைசி இரண்டில் ஷட்ஜத்துக்குத் திரும்பிவிட வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தாளம் நிற்கவே நிற்காது. பாடுகிறவர் முதல் நாலு பாரில் ஒன்றைச் சொல்லுவார், அடுத்த நாலில் அதையே திரும்பச் சொல்லுவார், கடைசி நாலில் பதில் சொல்லுவார். இரண்டு தடவை சொன்னால்தான் வீட்டில் யாருக்குமே காதில் விழுகிறது என்பது நமக்குத் தெரியாததா!

இடது கைக்கு மாஸ்டர் சொல்லிக் கொடுத்த சூட்சுமம் ஒன்று உண்டு. கார்டு என்றால் மூன்று நாலு விரல் வைத்துப் பிடிக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. இரண்டே கட்டை. சி கார்டுக்கு இ-யும் பி ஃப்ளாட்டும். இரண்டு விரலையும் ஒரு கட்டை கீழே, அதாவது அரை ஸ்வரம் கீழே நகர்த்தினால் எஃப் கார்டு வந்துவிடும். ஆரம்ப இடத்திலிருந்து அரை ஸ்வரம் மேலே நகர்த்தினால் ஜி கார்டு. முடிந்தது! பன்னிரண்டு பாரும் இந்த மூன்று இடத்துக்குள் அடக்கம். கீழே பேஸ் வாசிக்க ஆள் இல்லையே என்றால், யூடியூபில் 'பேக்கிங் டிராக்' என்று தேடினால் டிரம்மும் பேஸும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் மேலே வாசிக்கலாம். இந்த இரண்டு விரல் வேலையை மட்டும் மூன்று வாரம் செய்தேன். சாம்பார் கொதிக்கும்போது, தோசைக்கல் காயும்போது, மேடை மீதே விரலை வைத்து மேலே கீழே, மேலே கீழே. "கையில என்னம்மா, அரிப்பா?" என்று பெண் கேட்டாள்.

வலது கைக்கு முதல் பாடம் இதைவிட வேடிக்கை. "இன்னிக்கு ஒரே நோட்டு. சி மட்டும். பன்னண்டு பாரும் அதுலயே பேசுங்க" என்றார் மாஸ்டர்.

"ஒரே ஸ்வரத்துல என்ன பேசறது, மாஸ்டர்?"

"ஏம்மா, வீட்டுல சார் எதுனா கேட்டா 'ம்' சொல்றீங்க இல்ல? கோபத்துல ஒரு 'ம்', சந்தோஷத்துல ஒரு 'ம்', 'ம்?'னு கேள்வியா ஒண்ணு. எழுத்து ஒண்ணுதானே? எப்ப சொல்றீங்க, எவ்ளோ அழுத்தி சொல்றீங்க, அதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் சும்மா இருந்தீங்க... அதான் வாசிப்பு."

அந்த 'சும்மா இருப்பது' எனக்கு லேசில் வரவில்லை. பாட்டு கிளாஸில் வாயை மூடினால் மறந்துவிட்டாள் என்று அர்த்தம். இங்கே இரண்டு பார் வாசித்துவிட்டு இரண்டு பார் கையை மடியில் வைத்துக்கொள் என்கிறார். அடுத்த வாரம் இரண்டு ஸ்வரம், அதற்கு அடுத்தது மூன்று. இரண்டு ஸ்வரத்தில் என்ன இருக்கிறது என்று உதடு பிதுக்காதீர்கள். டியூக் எலிங்டன் 1942-ல் பதிவு செய்த 'சி ஜாம் புளூஸ்' என்ற புகழ்பெற்ற உருப்படியின் மெட்டு முழுவதும் ஜி, சி என்ற இரண்டே கட்டை, நம் பஞ்சமமும் ஷட்ஜமும். முதல் மாதத்திலேயே அதை நான் வாசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் வேண்டாத கட்டையில் விழுந்தால் அதற்கும் வழி சொன்னார். பதறிக் கையை எடுக்கக் கூடாது. அதையே இன்னொரு தடவை தைரியமாக வாசித்து, பக்கத்துக் கட்டைக்கு நகர வேண்டும். பெரும்பாலும் அரை ஸ்வரம் தள்ளி நல்ல இடம் ஒன்று காத்திருக்கும். கேட்கிறவருக்கு வேண்டுமென்றே செய்தது போலவே இருக்கும். பிசகாமல் பாடு என்று வளர்ந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை!

தாளத்தில் ஒரு நெளிவு உண்டு, 'ஸ்விங்' என்பார்கள். ஓர் எண்ணிக்கையைத் 'தகிட' என்று மூன்றாகப் பிரித்து, 'கி'யை விழுங்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: தா-ட, தா-ட, தா-ட. நீளம், குட்டை. நாலு எண்ணும்போது நம் கை இயல்பாக ஒன்றில் தட்டும்; அவர்கள் இரண்டிலும் நாலிலும் தட்டுகிறார்கள். துணி மடிக்கும்போது பழகிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சென்னைக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1958-ல் டேவ் புரூபெக் என்ற பியானோ மேதை தன் குழுவோடு சென்னைக்கு வந்தார். அவருடைய டிரம்மர் ஜோ மொரெல்லோ நம் மிருதங்க மகாவித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். இரண்டு பேருக்கும் பொது பாஷை கிடையாது. லயம் ஒன்றே பாஷை. அடுத்த வருஷம் புரூபெக் குழு வெளியிட்ட 'டைம் அவுட்' ஆல்பத்தில் இருக்கும் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கைத் தாளம். கண்ட நடையில் ஊறிய நமக்கு அது என்ன பெரிய விஷயம்! 1969-ல் மவுண்ட் ரோடில் 'நைன் ஜெம்ஸ்' என்ற கிளப்பில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மேல்நாட்டுப் பாட்டுப் பாட ஆரம்பித்தவர்தான் உஷா உதூப். பியானோவிலேயே ஜாஸை முழுமூச்சாக எடுத்துக்கொண்டு, வாசித்தும் சொல்லிக் கொடுத்தும் வந்தவர் மாதவ் சாரி. அவர் 2015-ல் காலமானார்.

கேட்டுப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்று. 1959-ல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தில் 'ஃபிரெடி ஃபிரீலோடர்' என்று ஓர் உருப்படி. அதுவும் பன்னிரண்டு பார்தான். மெட்டு முடிந்ததும் முதலில் தனியாக வாசிப்பது பியானோ, வின்டன் கெல்லி. ஒரு மாதம் அதை மட்டும் கேளுங்கள். அவர் வாசிப்பதில் ஒரு துண்டை, நாலைந்து ஸ்வரத்தை, முதலில் வாயால் பாடிவிட்டுப் பிறகு கட்டையில் தேடுங்கள். வாயில் வராதது விரலில் வராது என்று மாஸ்டர் சொல்லுவார். பாட்டுக் கற்ற பெண்கள் இந்த விஷயத்தில் பியானோ கற்றவர்களைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி!

பணம், நேரம் என்று கேட்பீர்கள். மாதம் 1,500 ரூபாய் ஃபீஸ். ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்து ஓரம் அடித்தால் 75 ரூபாய். இருபது புடவை தைத்தால் என் ஃபீஸ் வந்துவிடும். யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பேன். வெளியே டொக் டொக் என்று கட்டைச் சத்தம் மட்டும் கேட்கும். தினம் 25 நிமிஷம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசித்து மற்ற நாள் விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கும்படி ஸ்டூலின் உயரத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். மாவு பிசைந்து, துணி துவைத்து ஏற்கெனவே மணிக்கட்டு வலி இருந்தால் வலியோடு வாசிக்கவே வாசிக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். புதிதாகக் கீ போர்டு வாங்குகிறவர்கள் அழுத்தினால் சத்தம் கூடுகிற 'டச் ரெஸ்பான்ஸ்' இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் எல்லா 'ம்'மும் ஒரே 'ம்'தான்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு விளையாட்டு. கீ போர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக இருக்கும். இரண்டில் வலது பக்கம் உள்ளது இ ஃப்ளாட். அதை நீங்கள் இடது கோடியில் மெதுவாக, விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "கறுப்பு மட்டும் தட்டு கண்ணு" என்று சொல்லுங்கள். எதைத் தட்டினாலும் சுத்த தன்யாசி! எங்கே தட்டினாலும் அபஸ்வரம் வராது. மூன்று கறுப்பில் முதலாவதான எஃப் ஷார்ப்பை நீங்கள் பிடித்தால் அதே கட்டைகள் மோகனமாக மாறிவிடும். என் அண்ணன் பேத்திக்கு இரண்டரை வயது. அழுகையோடு வந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பெரிய பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரினிட்டி நேரடித் தேர்வில், ஆரம்ப நிலையிலிருந்து ஐந்தாம் கிரேடு வரை, துணைப் பகுதிகளில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒன்று இந்த மனோதர்ம வாசிப்பு. என் பெண்ணுக்கு எடுக்கவில்லை. அது என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. உங்கள் பிள்ளையின் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, பஞ்சமத்துக் கார்டில் நிற்கும்போது என் வலது கை ஒன்றை வாசித்தது. மேலேயிருந்து நெளிந்து இறங்கி, பிரதி மத்திமத்தைத் தொட்டு, காந்தாரத்தில் வழுக்கி, ஷட்ஜத்தில் வந்து நின்றது. மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது இல்லை. வின்டன் கெல்லி வாசித்ததும் இல்லை. யாரும் எனக்குத் தராத ஒன்று. "இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று யாரோ கேட்கப் போகிறார்கள் போல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கொடியில் துணிதான் ஆடிக்கொண்டிருந்தது. உடனே மறுபடி வாசித்தேன், மறந்துவிடுமோ என்று.

போன நவராத்திரிக்கு எதிர் வீட்டு மாடியில் கொலு. "ஏதாவது பாடு" என்றார்கள். கீழேயிருந்து பெண்ணும் நானும் கீ போர்டைத் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் சுத்த தன்யாசியில் தெரிந்த பாட்டு ஒன்று பாடினேன். அப்புறம் இடது கையில் அந்த இரண்டு கட்டை. கொலுவுக்கு வந்திருந்த பெரியம்மா ஒருவர், பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"சுத்த தன்யாசி மாதிரிதான் இருக்கு. நடுவுல அந்த மத்திமம் எங்கேருந்து வந்துச்சு?"

"அமெரிக்காவுலேருந்து வந்துச்சு பெரியம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் வாசி" என்றார். இரண்டாம் தடவை நான் நாலு பார் வாசித்து நிறுத்தியதும், சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மத்திமத்தையும் சேர்த்துக்கொண்டு, ஸ்வரமாகவே பதில் பாடினார் பாருங்கள்! ஒரு சுற்று நான், ஒரு சுற்று அவர். எட்டு சுற்று போயிருக்கும். குங்குமம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுல இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது செவ்வாய்க்கிழமை அவர், வியாழக்கிழமை மாஸ்டர். இந்த வாரம் மாஸ்டர் சி-யிலிருந்து எஃப்புக்கு மாற்றி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். விரல் வைக்கும் இடம்தான் வேறு. அரை ஸ்வரம் கீழே, அரை ஸ்வரம் மேலே என்ற அதே கணக்குத்தான். ஆனாலும் கடைசி இரண்டு பாரில் திரும்பி வரும்போது இடது கை இன்னும் தடவுகிறது. தோசைக்கல் காய்வதற்குள் நாலு தடவை மேடையில் போட்டுப் பார்க்க வேண்டும்.